நீலத் திரையில் நின்றுபோன மொழி

திருப்பதியிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸில் சுமார் 70 கிலோமீட்டர். சந்திரகிரிக் கோட்டையையும் மாந்தோப்புகளையும் தாண்டிப் போகும் அந்த வழியில் என்ஜினீயரிங் கல்லூரிகளின் பலகைகளுக்குக் குறைவில்லை. நாட்டின் பல இடங்களில் உள்ளதுபோல இந்த வட்டாரத்திலும் என்ஜினீயரிங்கில் சேரும் பிள்ளைகள் முதலாண்டிலேயே கற்கும் கம்ப்யூட்டர் மொழி 'சி'. மெக்கானிக்கல் எடுத்தாலும் சிவில் எடுத்தாலும் தப்பிக்க முடியாது. நாட்டின் பல கல்லூரி லேப்களில் அந்த மொழி இன்னும் ஒரு நீலத் திரையில்தான் அறிமுகமாகிறது. மேலே ஒரு சாம்பல் நிறப் பட்டை. மௌஸை நகர்த்தினால் அம்புக்குறிக்குப் பதில் ஒரு சின்னச் சதுரம் தத்தித் தத்தி ஓடும். கம்ப்யூட்டர் புதியது, திரைக்குள் இருப்பது பழையது. அதன் பெயர் டர்போ சி.

அமெரிக்காவின் போர்லண்ட் நிறுவனம் டாஸ் காலத்து கம்ப்யூட்டர்களுக்காகத் தயாரித்த சாஃப்ட்வேர் அது. லேப்களில் உலவும் பதிப்பு 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இன்றைய விண்டோஸில் அது நேராக ஓடாது. அதனால் டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு சாஃப்ட்வேரை முதலில் ஓட்டுகிறார்கள். அது புதிய கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர்போல நடிக்க வைக்கிறது. அந்த நடிப்புக்குள் டர்போ சி ஓடுகிறது. எதிரே உட்கார்ந்து டைப் அடிக்கும் மாணவி, அந்தச் சாஃப்ட்வேர் வெளிவந்தபோது பிறக்கவே இல்லை.

பழையதாக இருப்பது ஒரு குற்றமல்ல. ஆனால் தான் கற்பது 'சி' அல்ல, 'சி'யின் ஒரு குறிப்பிட்ட பதிப்பு என்பதை அந்த மாணவியிடம் யாரும் சொல்வதில்லை. மொழிக்குப் பதிப்புகள் உண்டு என்பதே பலருக்கு மூன்றாம் ஆண்டில், அதுவும் கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கும்போதுதான் தெரிகிறது. அதற்குள் சில பழக்கங்கள் ஊறிவிடுகின்றன.

சித்தூர் மண்ணுக்குப் பதிப்புகள் புதிதல்ல. வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்து 1911இல் உருவானது சித்தூர் மாவட்டம். 1953இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனது. 1960இல் திருத்தணி மட்டும் பிரிந்து தமிழகத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியே தனி மாவட்டமானது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. வரைபடம்தான் மாறியது. எந்த ஆண்டு வரைபடம் என்று பார்க்காமல் கச்சேரிக்கு மனு எழுதினால் திரும்பி வரும். கம்ப்யூட்டர் மொழியின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

'சி' ஒரு சின்ன மொழி. 1989இல் தரப்படுத்தப்பட்டபோது அதில் இருந்த சிறப்புச் சொற்கள் மொத்தம் 32. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாலைப் பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம். சின்னதாகப் பிறந்ததற்குக் காரணம் தத்துவம் அல்ல, இடப் பற்றாக்குறை. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பயன்படுத்திய பிடிபி-7 கம்ப்யூட்டரின் நினைவகம் இன்றைய கணக்கில் 20 கிலோபைட்கூட இல்லை. செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் சிறு மூலைக்குக்கூட அது போதாது. அந்த இடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கியிருந்த பிசிபிஎல் மொழியைச் சுருக்கி 'பி' என்று ஒரு மொழி செய்தார் தாம்சன்.

'பி'க்கு எல்லாமே ஒன்றுதான். எண், எழுத்து என்ற பேதம் கிடையாது. அடுத்து வந்த பிடிபி-11 கம்ப்யூட்டர் எழுத்துகளைத் தனித்தனியாகக் கையாளக்கூடியது. இது எழுத்து, இது முழு எண் என்று வகை பிரித்துச் சொல்ல ஒரு மொழி தேவைப்பட்டது. தாம்சனின் சகா டென்னிஸ் ரிட்சி 1971 முதல் 1973 வரை 'பி'யைத் திருத்தித் திருத்தி 'சி'யாக வளர்த்தார். 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியையே 'சி'யில் மாற்றி எழுதினார்கள். அதன் பிறகு எந்தப் புது கம்ப்யூட்டர் வந்தாலும் யூனிக்ஸைக் கொண்டுபோய் இறக்கும் வழி திறந்தது. கூடவே 'சி'யும் போனது.

அந்த ஆரம்ப நாட்களிலேயே திருத்தங்கள் நடந்தன. ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்து அதிலேயே வைக்க, முதலில் '=-' என்று எழுதினார்கள். 'அ=-1' என்றால் அ-விலிருந்து 1ஐக் கழிக்கவா, அ-வுக்குள் மைனஸ் 1ஐ வைக்கவா? குழப்பம். 1970களின் நடுவில் குறியைத் திருப்பிப் போட்டு '-=' ஆக்கினார்கள். தவறு சரியானது.

எல்லாத் தவறும் அப்படிச் சரியாகவில்லை. சில குறிகளில் எது முதலில் செயல்பட வேண்டும் என்ற வரிசை பிசகியிருந்தது. அதை மாற்றினால் ஏற்கெனவே எழுதிய புரோகிராம்கள் உடையும். அப்போது உலகத்திலேயே 'சி' இருந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனாலும் பழைய புரோகிராம்களுக்காகப் பிசகை அப்படியே விட்டார் ரிட்சி. அது இன்றைக்கும் இருக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய கம்ப்யூட்டர்களின் சௌகரியத்துக்காக விட்ட பிசகை ஐம்பது ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் சுமக்கின்றன. பதிப்பை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1978இல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகம் வந்தது. மொத்தமே 228 பக்கம். சட்டப்படியான தரம் ஏதும் இல்லாத அந்தக் காலத்தில் அந்தப் புத்தகம்தான் மொழியின் சட்டம். கம்பைலர் தயாரித்தவர்கள், அதாவது மனிதர் எழுதிய புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் சாஃப்ட்வேரைச் செய்தவர்கள், ஆளுக்கு ஒரு விதமாகப் புத்தகத்துக்குப் பொருள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு கம்பைலர் ஏற்றதை இன்னொன்று தள்ளியது. 1983இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஒரு குழுவைப் போட்டது. ஆறு ஆண்டுகள் விவாதித்து 1989இல் முதல் தரம் வந்தது. மறு ஆண்டு சர்வதேசத் தர அமைப்பும் அதை ஏற்றது. இதைத்தான் சி89 என்கிறார்கள். இந்தியாவில் பழக்கமான பெயர் 'ஆன்சி சி'. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமியின் பிரபலமான பாடநூல் இந்தப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கியிருக்கிறது.

இதற்கு இடையில் 1987இல் இரண்டு கம்பைலர்கள் பிறந்தன. ஒன்று போர்லண்டின் டர்போ சி. மற்றது ரிச்சர்ட் ஸ்டால்மன் இலவசமாக வெளியிட்ட ஜிசிசி. ஜாதகப்படி இரண்டுக்கும் ஒரே வயது. ஆனால் தலைவிதி வேறு.

இந்தியாவில் ஜெயித்தது டர்போ சி. காரணங்கள் நியாயமானவை. சாதாரண பி.சி.யில், ஃப்ளாப்பியில் கொண்டுவந்து போட்டால் ஓடியது. எழுதுவது, பிழை பார்ப்பது, ஓட்டுவது எல்லாம் ஒரே திரையில். இன்டர்நெட் வேண்டாம், யூனிக்ஸ் தெரிய வேண்டாம். 1990களில் தெருவுக்குத் தெரு முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்களுக்கு அது வரப்பிரசாதம். யஷவந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி'யை ஒரு கையிலும் ஃப்ளாப்பியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே புரோகிராம் எழுதக் கற்றது. பெங்களூருக்கும் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் போய், அங்கிருந்து கடல் கடந்தவர்களில் பலருக்கு முதல் திரை நீலத் திரைதான். அந்தக் கடனை மறுக்க முடியாது.

ஆனால் டர்போ சி தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துக் கொடுத்தது. திரையைத் துடைக்க ஒரு கட்டளை. விடையைக் காட்டிவிட்டு ஏதாவது ஒரு விசை தட்டப்படும் வரை காத்திருக்க 'கெட்ச்' என்று இன்னொரு கட்டளை. இவை எதற்கு? டர்போ சியில் புரோகிராம் முடிந்ததும் விடை மறைந்து நீலத் திரை வந்துவிடும். அதை நிறுத்தி வைக்கத்தான் 'கெட்ச்'. முந்தைய முறை ஓட்டிய விடை அழியாமல் நிற்கும். அதைத் துடைக்கத்தான் முதல் கட்டளை. இரண்டும் அந்த வீட்டின் வழக்கம், மொழியின் இலக்கணம் அல்ல. ஆனால் பிள்ளையார் சுழிபோல முதல் வரியில் துடைப்பதும், மங்களம்போலக் கடைசி வரியில் காத்திருப்பதும் இல்லாமல் 'சி' புரோகிராமே கிடையாது என்று நம்பும் மாணவர்கள் இன்றும் உண்டு. ரெக்கார்டு நோட்டில் அந்த இரண்டு வரி விட்டுப்போனால் மார்க் போகுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

மொழி மட்டும் நிற்கவில்லை. 1999, 2011, 2018, 2024 என்று நான்கு புதிய பதிப்புகள் வந்தன. முதல் பதிப்பின் 32 சொற்கள் 1999இல் 37 ஆயின. 2011இல் 44. அதற்குப் பிறகும் வளர்ந்தன. ஆனால் பெரிய செய்தி சேர்த்தது அல்ல, நீக்கியது.

'கெட்ஸ்' என்று ஒரு கட்டளை இருந்தது. விசைப்பலகையிலிருந்து ஒரு வரியை வாங்கிக்கொள்ளும். எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்காது. பத்து எழுத்துக்கு இடம் வைத்து ஆயிரம் எழுத்து கொடுத்தால், பக்கத்து நினைவகத்தையும் மூழ்கடித்துவிடும். 1988 நவம்பரில் ராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்க மாணவர் அவிழ்த்துவிட்ட 'வார்ம்' புரோகிராம் இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று இந்த 'கெட்ஸ்'. ஓட்டை எது என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த முதல் தரத்தில் 'கெட்ஸ்' அப்படியே இருந்தது. பழைய புரோகிராம்கள் உடையக்கூடாதே! மொழியிலிருந்து அது நீக்கப்பட்டது 2011இல்தான். இடையில் போனவை 23 ஆண்டுகள்.

அறிவிக்காத ஒரு கட்டளையைக் கூப்பிட்டால், அது முழு எண்ணைத்தான் திருப்பித் தரும் என்று பழைய 'சி' தானாகவே ஊகித்துக்கொள்ளும். ஊகம் தப்பினால் விடையும் தப்பும். 1999 பதிப்பு இதை நீக்கியது. ஜிசிசி கம்பைலர் உடனே கதவைச் சாத்தவில்லை. எச்சரிக்கை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024இல் வந்த பதிப்பில்தான் எச்சரிக்கையைப் பிழையாக்கியது. 25 ஆண்டு நோட்டீஸ். 1978 புத்தகத்து முறையில் கட்டளைகளை வரையறுக்கும் வழக்கத்துக்கு அதைவிட நீண்ட அவகாசம். இது ஒழிய வேண்டிய முறை என்று 1989இலேயே சொல்லிவிட்டார்கள். ஒழித்தது 2024இல் வெளியான சி23 என்ற பதிப்பு. 35 ஆண்டுகள். எந்த வாடகைக்காரருக்கும் இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்க மாட்டார்.

எல்லா மொழிகளும் இவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல. பைதான் 2008இல் தன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது பழைய புரோகிராம்கள் உடைந்தால் உடையட்டும் என்று துணிந்தது. இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1இல் விடை கொடுத்தது. அதனால் பைதான் கற்கும் பிள்ளையிடம் எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் இருக்க முடியாது. முதல் வரியிலேயே தெரிந்துவிடும். சிபிஎஸ்இ பாடத்திட்டம் பைதானுக்கு மாறிவிட்டது. தமிழகத்தின் 12ஆம் வகுப்புப் பாடநூலிலும் 2019இல் பைதான் வந்தது. 'சி'யில் ஆபத்து வேறு வகை. அது அவ்வளவு நிதானமாக மாறுவதால், மாறவே இல்லை என்று நம்பிவிடலாம். நீலத் திரை அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொடுக்கிறது.

அந்த நம்பிக்கை இடறும் இடம் 32,767. டர்போ சியில் சாதாரண முழு எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட், அதாவது இரண்டு பைட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அதோடு ஒன்றைக் கூட்டினால் 32,768 வராது. மைனஸ் 32,768 வரும். ஸ்கூட்டரின் மீட்டர் கடைசி எண்ணைத் தாண்டினால் சுழன்று ஆரம்பத்துக்கு வருவதுபோல. இன்றைய கம்பைலர்களில் பொதுவாக 32 பிட். எல்லை 214 கோடியைத் தாண்டும். 'முழு எண்ணின் அளவு என்ன' என்ற ஒரு மார்க் கேள்விக்கு நாட்டின் பல வினாவிடைப் புத்தகங்கள் இன்னும் 'இரண்டு பைட்' என்று அடித்துச் சொல்கின்றன. சரியான விடை, 'கம்பைலரைப் பொறுத்தது'. மொழியின் தரம் குறைந்தபட்ச அளவை மட்டுமே சொல்கிறது. ஆனால் சரியான விடையை எழுதுகிற மாணவிக்கு அந்த ஒரு மார்க் கிடைக்குமா என்பது விடைத்தாள் திருத்துகிறவரைப் பொறுத்தது.

ஒரு மார்க் விஷயம்தானே என்று விடுவதற்கில்லை. இதே 16 பிட் எல்லைதான் ஒரு ராக்கெட்டையே பலி வாங்கியது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியேன்-5 முதல் முறையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடிகளில் திசை மாறிச் சிதறியது. அதிலிருந்த நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்களும் போயின. விசாரணையில் தெரிந்தது இது: திசைகாட்டும் சாஃப்ட்வேர் முந்தைய ஏரியேன்-4இலிருந்து எடுத்து அப்படியே பொருத்தப்பட்டது. பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புடைய ஒரு எண்ணை அது 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்தது. பழைய ராக்கெட்டில் அந்த எண் எல்லையைத் தாண்டியதில்லை. புதியது வேகமானது, தாண்டிவிட்டது. அந்த சாஃப்ட்வேர் எழுதப்பட்ட மொழி 'சி' அல்ல, அடா. ஆனால் தவறு மொழியில் இல்லை. பழைய பதிப்பின் அனுமானம் புதிய பதிப்புக்குள் கேள்வி கேட்காமல் குடிபுகுந்ததுதான் தவறு. இஸ்ரோவின் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா இன்று திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராக்கெட் கிளம்பும் முன்பு அதன் சிறிய மாதிரியை ஏழுமலையான் சன்னிதியில் வைத்து வணங்க விஞ்ஞானிகள் திருமலைக்கு வருவது வழக்கம். அந்த மலையின் அடிவாரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு 32,767இன் கதை தெரிந்திருப்பது பொருத்தம்தானே.

இன்னொரு வகைக் கேள்வியும் பிரபலம். ஒரே வரியில் ஒரே எண்ணை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கி, 'விடை என்ன வரும்' என்று கேட்பது. பார்க்க மூளைக்கு வேலை போலத் தோன்றும். ஆனால் அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று மொழியின் தரம் சொல்ல மறுக்கிறது. அதாவது விடையே கிடையாது. டர்போ சி ஒன்று சொல்லும், ஜிசிசி வேறொன்று சொல்லலாம். ஆனால் வினாத்தாளுக்கு விடை உண்டு. நீலத் திரையில் வந்த எண்தான் அது.

இதில் அடிபடுவது யார்? அண்ணன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் வீட்டுப் பிள்ளை அல்ல. அவர் முதல் மாதத்திலேயே புதிய கம்பைலரை லேப்டாப்பில் போட்டுக்கொடுத்துவிடுவார். நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ் என்று மூன்று மொழிகளைத் தாண்டி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரி, லேப்டாப் கிடையாது, வாரத்துக்கு ஒரு முறை வரும் லேப் நேரம்தான் கதி. இங்கிலீஷில் நான்கு வாக்கியம் பேசக் கூசுகிறவருக்கும் 32 சொற்கள் உள்ள மொழி ஒரு சமமான ஆடுகளம். அதில் இலக்கணப் பிழை இல்லாமல் எழுதிவிட்டால் யாரும் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்க முடியாது. சின்ன மொழியின் பெரிய கொடை அது.

அப்படிப்பட்ட பிள்ளை வேலைக்கான ஆன்லைன் தேர்வில் உட்கார்ந்து, மூன்று ஆண்டுகளாக எழுதிய அதே முதல் ஆறு வரிகளை எழுதுகிறார். அங்கே இருப்பது ஜிசிசி. முதல் வரியிலேயே 'இப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. திரையைத் துடைக்கும் கட்டளை தெரியாது என்கிறது. நேரம் ஓடுகிறது. புரோகிராமின் உள்ளே இருக்கும் கணக்கு முழுவதும் சரி. ஆனால் அதுவரை அது ஓடவே இல்லை. கம்பைலரின் பதிப்பு வேறு என்று அவருக்குத் தோன்றாது. தனக்கு 'சி' தெரியவில்லை என்றுதான் தோன்றும். யாரும் சொல்லாத ஒரு விஷயத்துக்கான பழியை அவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

ஆசிரியர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அறுபது பேருக்கு ஒரு லேப். டர்போ சி இன்டர்நெட் இல்லாமல் ஓடும், எந்தப் பழைய இயந்திரத்திலும் ஓடும், எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் அதற்கே எழுதப்பட்டவை. வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் எதை எதிர்பார்ப்பார் என்று தெரியாதபோது பழகிய வழியே பாதுகாப்பு. பழைய பதிப்பில் இருப்பதே பாவம் என்றும் சொல்ல முடியாது. உலகத்தின் பெரும்பாலான சர்வர்களையும் ஆண்ட்ராய்டு போன்களையும் தாங்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி 2022 வரை 1989 தரத்தை ஒட்டித்தான் எழுதப்பட்டது. அந்த ஆண்டில்தான் 2011 பதிப்புக்கு நகர்ந்தது. ஆனால் லினக்ஸ்காரர்களுக்குத் தாங்கள் எந்தப் பதிப்பில் இருக்கிறோம், ஏன் இருக்கிறோம் என்பது தெரியும். தெரிந்து தங்குவது வேறு, தெரியாமல் தேங்குவது வேறு.

பாடத்திட்டம் மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் பலவும் 2008இல் தனிப் பல்கலைக்கழகமான அனந்தபூர் ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதன் பாடத்திட்டங்களுக்கும் பதிப்பு எண் உண்டு. ஆர்09, ஆர்13, ஆர்15, ஆர்19, ஆர்20, ஆர்23. எண் என்பது ஆண்டு. தான் எந்த 'ஆர்' என்று தெரியாத மாணவர் ஒருவரும் இருக்க மாட்டார். பரீட்சை, அரியர், மார்க் எல்லாம் அதைப் பொறுத்தவை. 2009க்கும் 2023க்கும் இடையில் பாடத்திட்டத்துக்கு ஆறு பதிப்பு. அதே காலத்தில் 'சி' மொழிக்கு இரண்டுதான். ஆர்23இன் முதலாண்டு லேப் பகுதியில் முதல் வாரப் பயிற்சியாக லினக்ஸ் அறிமுகமும், டர்போ சி, ஜிசிசி இரண்டின் அறிமுகமும் ஒன்றாகவே இடம்பெற்றிருக்கின்றன. 1987இல் பிறந்த இரட்டையர் ஒரே வரியில் மறுபடி சந்தித்திருக்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. எந்தக் கதவு வழியாக வகுப்பு போகிறது என்பது லேப் பொறுப்பாளர் கையில்.

மாற்றத்துக்குப் பணம் வேண்டாம். ஜிசிசி இலவசம். எழுத்தில் செய்ய வேண்டிய திருத்தமும் நாலே நாலு. டர்போ சிக்கே உரிய அந்தக் கோப்பின் பெயரை முதல் வரிகளிலிருந்து நீக்க வேண்டும். திரையைத் துடைப்பதை விட வேண்டும். காத்திருப்பதை விட வேண்டும். 'வாய்ட் மெயின்' என்பதை 'இன்ட் மெயின்' ஆக்க வேண்டும், 1989இலிருந்தே தரம் கேட்பது அதைத்தான். ஒரு பீரியட் போதும். அதைவிட முக்கியமான வேலைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. முதல் வகுப்பில் கரும்பலகையின் மூலையில் ஒரு வரி எழுதுவது: இந்தப் பாடம் 'சி'யின் எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர். நீலத் திரையே போதும் என்று முடிவு செய்யும் லேப்பிலும் இந்த ஒரு வரியை எழுதலாம்.

டென்னிஸ் ரிட்சி 2011 அக்டோபர் 12 அன்று காலமானார். ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கம் ஜாப்ஸுக்குப் போய்விட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 'சி'யின் 2011 பதிப்பு வெளியானது, 'கெட்ஸ்' இல்லாமல். உருவாக்கியவர் போன பிறகும் மொழி தன் தவறுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

திருப்பதியில் இருக்கும் ஒருவருக்கு இன்றைக்கும் 'சித்தூர் மாவட்டம்' என்று விலாசம் எழுதிக் கடிதம் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும். பழைய வரைபடமும் புதிய வரைபடமும் தபால்காரருக்குத் தெரியும், அவர் பின்கோடைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். கம்பைலர் தபால்காரர் அல்ல. பழைய விலாசத்தைப் பார்த்தால் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். எழுதியதில் தவறில்லை, மாவட்டம் மாறிவிட்டது.